சக்களத்தி விற்பனைக்கு

குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கத்தான் அன்று சாயங்காலம் கிளம்பினார்கள். கடை நடந்து போகிற தூரம். ஆனாலும் அவர் காரை எடுத்தார்.

இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. விளக்கைப் போட்டால் மட்டும் தூக்கம் கலைந்த தவளை மாதிரி மேலே எழும்புகிற முன்கண்கள். பின்னால் துணி காயப்போடலாம் போல ஒரு இறக்கை. ஜப்பானில் செய்து, யாரோ ஓட்டி, யாரோ மோதி, கடைசியில் இவர் கைக்கு வந்து சேர்ந்த வண்டி. வந்தபோது அது வெறும் வேகமான வண்டி. இவர் கை பட்ட பிறகு தெரு முழுக்கக் கேட்கிற வண்டியாகிவிட்டது.

அந்த வண்டிக்குள் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடுப்பை அனுப்பி, பிறகு காலை உள்ளே இழுத்து உட்கார்ந்தாள். அவர் சாவியை நுழைத்துவிட்டு, வழக்கம்போல, திருப்பாமல் காத்திருந்தார்.

"முகத்த ஒரு தடவ பாத்துக்கோ."

"வாஷர் வாங்கறதுக்கு முகம் எதுக்குங்க?"

"பாத்துக்கோம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கறது நல்லது."

அவள் தலைக்கு மேலே மடிந்திருந்த வெயில் தடுப்பை இறக்கினாள். அதன் உட்புறம் ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்கு ஒரு மூடி. மூடியைத் தள்ளினால் இரண்டு பக்கமும் குட்டி விளக்குகள் எரியும். முகம் போன வாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"போதுமா?"

"போதும்."

சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தடவை இருமி, தொண்டையைச் செருமி, உறுமியது. மாடி வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

மறுநாள் காலையில் அந்த வாஷரை மாட்டுவதற்கு முன்னால், பல் துலக்கிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். அவள் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பொய்ப்பல் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சை வைத்து, யாரென்றே தெரியாத மனிதர்களுக்கு முழு வாய் பல் கட்டிக் கொடுப்பார். அவள் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். அவர் பல்லில் தப்புக் கண்டுபிடிப்பார், அவள் சொல்லில். பிள்ளை இல்லாத வீட்டில் மூன்றாவது ஆளாக அந்தக் கார் வந்து உட்கார்ந்தபோது, அவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

பெயருக்கு ஏற்ற மாதிரிதான் அதுவும் நடந்துகொண்டது. மாதக் கடைசியில் இவளுக்குச் செருப்பு அறுந்தால், அதற்கும் டயர் தேயும். இவளுக்குச் சளி பிடித்தால், அதற்கு ரேடியேட்டர் ஒழுகும். அவர் இரண்டு பேரையும் கவனித்தார் என்றாலும், அதன் பக்கம் போகும்போது கைக்குச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போவார்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரிந்ததே இல்லை. அந்தக் காரை அவர் தனியாக எடுத்துப் போனதே கிடையாது. வேலைக்குப் பஸ்ஸில்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எஞ்சினை ஓட விட்டுப் பார்க்க வேண்டுமென்றால்கூட, "சும்மா வந்து உக்காரேன், எனக்கு ஒரு துணையா இருக்கும்" என்று கூப்பிடுவார். அவள் மெய்ப்புக் கட்டோடு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி விளக்கு வெளிச்சத்தில் திருத்துவாள். ஒரு மருத்துவக் கலைக்களஞ்சியத்தின் பாதியை, கல்லீரல் வரைக்கும், அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் முடித்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு கட்டட முதலாளி வந்தார். செருப்பை வெளியே விட்டார், தொண்டையைக் கனைத்தார், ஷெட்டை வேன் வைத்திருக்கிற வேறொரு குடித்தனக்காரருக்குப் பேசிவிட்டதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்து கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு விதவை போதும் என்றும் தோன்றியது.

விற்றுவிடலாம் என்று அவள் சொன்னதும் கொழுந்தனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் குளியலறை ஓடுகள் விற்கிற கடையில் மேலாளர். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்தான்.

"நீங்க விளம்பரத்த எழுதுங்க அண்ணி. எழுத்து உங்க டிபார்ட்மென்ட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் எழுதிக் கொடுத்தாள். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"விற்பனைக்கு. ஜப்பானிய விளையாட்டுக் கார். உரிமையாளரால் பெருமளவு மாற்றப்பட்டது. பின் இருக்கையில் மனிதர் உட்கார இயலாது. மழையில் ஒரு ஜன்னல் ஒழுகும். வேகத்தடை எதையும் நேராக ஏற முடியாது, கோணலாக ஏற வேண்டும். சத்தம் அதிகம். அக்கம்பக்கத்தாரின் மனநிலையைப் பொறுத்து..."

நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "அண்ணி, இது விளம்பரமா, புகார் மனுவா?"

"எல்லாம் உண்மைதானே தம்பி."

"உண்மைய யாரு கேட்டா? 'ஒரே கை ஓட்டியது, கண்ணு மாதிரி வச்சிருந்தது'ன்னு எழுதுங்க."

"முதல் கை அவர் இல்லையே."

"அண்ணி."

கடைசியில் இரண்டும் கலந்து ஒரு விளம்பரம் இணையத்தில் ஏறியது. அதில் 'கண் போல் பாதுகாக்கப்பட்டது' என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே ஜன்னல் ஒழுகியது.

முதலில் வந்தது மூன்று இளைஞர்கள். வண்டியைப் பார்த்ததும் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி குரல் தாழ்ந்துவிட்டது. ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். ஒருவன் இறக்கையில் சாய்ந்து நின்றான், ஒருவன் பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான், ஒருவன் தரையில் படுத்துச் சைலன்சரின் வாய்க்குள் படம் எடுத்தான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க ப்ரோ, சவுண்டு வேணும்."

கொழுந்தன் ஓட்டுநர் இருக்கையில் இறங்கி, சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். கூட்டத்தில் தன் பெயரைக் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் மாதிரி அது நடந்துகொண்டது.

"ரொம்ப நாளா எடுக்கல, அதான்" என்றான்.

"பரவால்ல ப்ரோ. சவுண்டு நெட்லேந்து போட்டுக்கறோம்" என்று அவர்கள் போய்விட்டார்கள். யாரும் விலையே கேட்கவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு பெண்மணி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியை. காலர் வைத்த சட்டை, கழுத்தில் விசில், சூரியன் ஒரு பக்கத்துக் கையை மட்டும் கறுப்பாக்கியிருந்தது. காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். கண்ணாடியில் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்தவரின் பார்வை கியர்க் கம்பியின் தலையில் நின்றது. அது இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது.

"இது என்னங்க, ஈறு மாதிரி இருக்கு?"

"ஈறுதான்" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் பல் செட் பண்றவர். ஒரிஜினல் ஒடஞ்சு போச்சு. அவர்கிட்ட இருந்த பொருள்ல அவரே வார்த்துப் போட்டார்."

ஆசிரியை கதவைத் திறந்து, கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "கைக்கு நல்லா அடங்குது" என்றார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்: "நான் எத்தன வருஷமா அடுத்தவங்க பக்கத்துல உக்காந்து, பிரேக்குல கால வச்சுக்கிட்டு உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? எனக்குன்னு ஒரு வண்டி. நான் ஓட்டணும். பக்கத்துல உக்கார்றவங்க வாய மூடிட்டு வரணும். அவ்ளோதான் ஆசை."

"வாயத் தெறக்கவே முடியாது. அவ்வளவு சத்தம்" என்றாள் அவள்.

ஆசிரியை முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் வண்டி சிரிக்கவில்லை. கொழுந்தன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆசிரியையே உட்கார்ந்து திருப்பிப் பார்த்தார். சுற்றியது, பிடிக்கவில்லை.

"ஓடாத வண்டிய வாங்கற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லங்க" என்று சொல்லி எழுந்தார். "ஓடுச்சுன்னா ஒரு போன் போடுங்க. எந்த நேரமானாலும் சரி."

தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவன் குடும்ப வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றியே பழகியவன். எஞ்சின் மூடியைத் தூக்கினான். குனிந்து ஒயர்களை விலக்கிப் பார்த்தான்.

"அக்கா, எல்லா ஒயரும் ஒரே கறுப்பு."

"கறுப்புதான் மலிவா கிடைச்சுதுன்னார்."

"பம்ப்புக்குக் கரன்ட் வரல. பெட்ரோல் மேல ஏறல. பம்ப் நல்லாதான் இருக்கு. எங்கயோ ஒரு ரகசிய சுவிட்ச்சு வச்சிருக்கார், திருட்டுக்குப் பயந்து. அது எங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம யாராவது சுவிட்ச்சு வைப்பாங்களாக்கா?"

"சக்களத்தி விஷயமெல்லாம் வீட்டுக்காரிகிட்ட சொல்வாங்களா?" என்று கேட்டாள். மெக்கானிக் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த சுவிட்ச்சைத் தேடினார்கள். கொழுந்தன் சாம்பல் தட்டை இழுத்தான், ஹாரனை அமுக்கிக்கொண்டே சாவியைத் திருப்பினான், வைப்பரைப் போட்டுக்கொண்டு திருப்பினான், விளக்கைப் போட்டுக்கொண்டு திருப்பினான். தவளைக் கண்கள் எழும்பி எழும்பி அடங்கின. கடைசியில் ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் படுத்திருந்த ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து, வெற்றி வெற்றி என்று ஊன்றி அமுக்கினான். அது சட்டைப் பொத்தான். அவளுடைய நீல ரவிக்கையிலிருந்து என்றைக்கோ விழுந்தது. அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மெக்கானிக் கையைத் துடைத்தான். "ஒயர அறுத்து நேரடியாக் குடுத்துப் பாக்கலாம். ஆனா எல்லாம் கறுப்பா இருக்கு. தப்பான ஒயர அறுத்தா வண்டியோட கம்ப்யூட்டர் போயிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாங்கா."

"அறுக்க வேண்டாம்" என்றாள்.

அவள் ஷெட் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டுக்காரி என்று யார் வந்தாலும் அவளுக்கு முதலில் ஒரு நாற்காலியைத்தான் போட்டார்கள். 'நீங்க உக்காருங்க அண்ணி', 'நீங்க எந்திரிக்காதீங்கக்கா'. வண்டிக்குள் ஒரு தடவை வந்து உட்காருங்கள் என்று யாருமே சொல்லவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பக்கக் கதவைத் திறக்க இன்னும் மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

மாடி வீட்டுக்காரர் ஒருநாள் படியிறங்கி வந்தார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காரின் சத்தத்தைப் பற்றி எழுத்தில் மட்டுமே புகார் செய்கிற கண்ணியவான். ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வண்டிச் சத்தத்தையே காணோம்?"

"ஸ்டார்ட் ஆகலீங்க."

"அடடா" என்றார். போகாமல் நின்றார். "ஜன்னல சாத்திச் சாத்திப் பழகிடுச்சு. இப்ப எப்ப சாத்தறதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க கொழுந்தன் அவசரப்பட்டான். ஒருநாள் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கிறவர். தொழிலில் எல்லோரும் அவரை 'உதிரி' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. இந்தத் தொழிலுக்கு இவ்வளவு வெள்ளை எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

உதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கல்யாணச் சமையலுக்குக் காய்கறி பார்ப்பவர் மாதிரி தட்டிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார்.

"எஞ்சினுக்கு ஆள் இருக்கும்மா. டர்போவுக்கு ஒரு பையன் அழுதுட்டே இருக்கான். இந்த இறக்கைய ஒருத்தர் தன்னோட குடும்ப வண்டில மாட்டணுங்கறார், அவர் சம்சாரத்துக்கு இன்னும் தெரியாது. சீட்டு ரெண்டையும் வீட்டுக்குள்ள போட்டு கம்ப்யூட்டர்ல கார் ஓட்றவன் ஒருத்தன் எடுத்துக்குவான்."

"மிச்சம்?"

"மிச்சம் எடைக்கு." கியர்த் தலையைப் பார்த்தார். "இது குப்பை."

அவளுக்குச் சுருக்கென்றது.

"கவலப்படாதீங்கம்மா" என்றார் உதிரி, இரக்கமாக. "ஒரே எடத்துல சும்மா கெடக்கறதுக்கு, பத்து வீட்ல நல்லா இருக்கும்."

அவர் போன பிறகு கொழுந்தன் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணி, ஓடாத வண்டிய முழுசா யாரும் வாங்க மாட்டாங்க. பிரிச்சா எல்லாம் போயிடும். நாளன்னிக்கு ஷெட்டக் காலி பண்ணணும். வேற வழி சொல்லுங்க, செய்யறேன்."

அவளிடம் வழி இல்லை. அவர் ஒரு தடவை, முழுப் பல்வரிசை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது மட்டும் காதில் இருந்தது. 'செட்டா இருந்தாத்தான்மா இது வாய். தனித்தனியா எடுத்தா வெறும் கூழாங்கல்லு.' அவர் ஒவ்வொரு ஞாயிறாகச் சேர்த்துக் கட்டியதைப் பத்து வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. வண்டி போகட்டும், ஆனால் தன் சக்கரத்தில், தன் சத்தத்தோடு போகட்டும். சக்களத்தியாக இருந்தாலும் அவளையும் ஒரு முழு ஆளாகத்தான் வழியனுப்ப வேண்டும். இதையெல்லாம் ஒரு ஓடு வியாபாரியிடம் எப்படிச் சொல்வது?

"வரச் சொல்லு தம்பி" என்றாள்.

உதிரி ஒரு லாரியோடு வந்தார். அன்றைக்கும் வெள்ளைதான். வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்து லாரியில் ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருந்ததால், சாவியைப் போட்டு அதை விடுவிக்கக் கொழுந்தன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். உதிரி பின்னால் போய்ச் சைலன்சருக்கு நேராக நின்று, தள்ளுவதற்கு இரண்டு கையையும் ஊன்றினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அவள்.

நாற்காலியிலிருந்து எழுந்து, சுற்றிப் போய், பக்கத்துக் கதவைத் திறந்தாள். முதலில் இடுப்பு, பிறகு கால். இருக்கை அவளை அடையாளம் தெரிந்த மாதிரி வாங்கிக்கொண்டது. காலடியில் ஒரு திருத்தப் பென்சில் கிடந்தது. அதைப் பார்த்ததும் கண் நிரம்பிவிட்டது. இந்த வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் அழக்கூடாது என்று அவசர அவசரமாக வெயில் தடுப்பை இறக்கி, மூடியைத் தள்ளினாள். விளக்கு எரிந்தது. முகம் போன மாதம் இருந்த இடத்தில் இல்லை. எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த கொழுந்தனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணி அழுவதை அவன் பார்த்ததில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை, கையைச் சும்மா வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. வேறு வேலையில்லாமல் சாவியைத் திருப்பினான்.

வண்டி ஒரு தடவை இருமியது. தொண்டையைச் செருமியது. உறுமியது.

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பின்பக்கமாக ஒரே மூச்சில் கக்கியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. கொழுந்தன் கையைத் தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் பண்ணல" என்று கத்தினான். மேலே மாடி வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அதில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. புகை விலகியபோது உதிரி இடுப்புக்குக் கீழ் கறுப்பாகவும் இடுப்புக்கு மேல் வெள்ளையாகவும் நின்றுகொண்டிருந்தார்.

பயத்தில் கொழுந்தன் எஞ்சினை அணைத்தான். அவளும் கண்ணாடியை மூடித் தடுப்பை மேலே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். மறுபடி திருப்பினான். சுற்றியது, பிடிக்கவில்லை.

மெக்கானிக்குக்கு ஆள் போனது. ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"ஸ்டார்ட் ஆனப்ப என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருந்தேன்."

கொழுந்தனைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து மெக்கானிக் திருப்பிப் பார்த்தான். இல்லை.

"வெறுமனே உக்காந்தா ஆகலியே. நல்லா யோசிங்கக்கா. எதையாவது தொட்டீங்களா?"

"எதையும் தொடல. முகத்த..." அவள் நிறுத்தினாள். "முகத்தப் பாத்தேன்."

மெக்கானிக் அவளை உட்காரச் சொன்னான். பார்க்கச் சொன்னான். பார்த்தாள். திருப்பினான். உறுமியது. அணைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, அங்கிருந்து ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே, கதவோரமாக, கூரை விளிம்பு வழியாக, வெயில் தடுப்பு வரைக்கும் விரலால் ஊர்ந்து போனான். போய்ச் சேர்ந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, சீட்டுல ஆள் இருக்கணும். இந்தக் கண்ணாடி மூடி தெறந்திருக்கணும். அப்பத்தான் பம்ப்புக்குக் கரன்ட். எந்தத் திருடன் வந்து பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சு, முகம் பாத்துக்கோன்னு சொல்லித் திருடுவான்?" ஆச்சரியத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "சாவி உங்க கொழுந்தன்கிட்ட இல்லக்கா. நீங்கதான் சாவி."

எல்லோரும் அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளுக்கு வந்தது கோபம், வெட்டவெளியில் அடிக்கிற வெயில் மாதிரி.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள். "எத்தன சண்ட போட்டிருக்கேன். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப, 'என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு'ன்னு எறங்கி வீட்டுக்குள்ள போயே போயிட்டேன். பின்னாடியே வந்து கெஞ்சினார். அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல? பம்ப்புக்காகம்மான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா?" என்றான் கொழுந்தன்.

"நான் என்ன சுவிட்ச்சான்னு கேட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"வந்திருக்க மாட்டேன்."

உதிரி தன் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளும் அவர் அப்படிச் சொல்றத..." என்று ஆரம்பித்தவள், இந்த மூன்று ஆம்பிளைகளிடம் அதைச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டாள். கோபமான நாளில் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டாள். நல்ல நாளில் பிரியம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டும் இல்லை, அது வயரிங்.

உதிரி லாரியைத் திருப்பி அனுப்பினார். போகும்போது, "ஓடற வண்டியப் பிரிச்சா எனக்கே நல்லதில்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அவருக்குத் துணி சோப்பு கொடுத்து அனுப்பினாள்.

கோபம் அன்றைக்கும் போகவில்லை, மறுநாள் காலையிலும் போகவில்லை. பல் துலக்கும்போது, சொட்டுகிற குழாய்க்கு முன்னால், வேறொன்று தோன்றியது. சாம்பல் தட்டு இருந்தது. ஹாரன் இருந்தது. கம்பளம் இருந்தது. அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில், அவர் பக்கத்திலேயே, அந்த சுவிட்ச்சை வைக்க எத்தனையோ இடம் இருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் ஆசிரியைக்குப் போன் செய்தாள்.

ஆசிரியை அன்று மத்தியானமே வந்தார், தன் கணவரோடு. கணவர் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். மென்மையான ஆள், தலையில் ஒரு முடி இல்லை. மனைவி சொன்னதற்கெல்லாம் பாதியிலேயே சரி என்று சொல்லிப் பழகியவர். அவள் விஷயத்தை விளக்கினாள். ஆசிரியை இரண்டு தடவை கேட்டார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு ஒயரச் சேத்து முறுக்கிட்டா போதுமாம்" என்றாள் அவள். "மெக்கானிக் வந்து எடுத்துக் குடுத்துடுவான். அப்புறம் நீங்க தனியாவே போலாம்."

ஆசிரியை கணவரைப் பார்த்தார். "நீங்க ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"ஏறுங்கன்னா."

அவர் முதலில் தலையை நுழைத்துப் பார்த்தார். "மொதல்ல இடுப்ப அனுப்புங்க சார்" என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒருவழியாக உள்ளே இறங்கினார். ஆசிரியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அந்த ஈறைக் கையால் பொத்திக்கொண்டார்.

"முகத்தப் பாருங்க."

"என் முகத்துல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?"

"பாருங்க. நான் தெனம் பாக்கறேன் இல்ல?"

அவர் தடுப்பை இறக்கி, மூடியைத் தள்ளினார். விளக்கு மண்டையில் பளபளத்தது. கொஞ்சம் அதிக நேரமே பார்த்துக்கொண்டிருந்தார். "காது ரெண்டும் பெரிசாயிட்டே போகுது" என்றார், யாரிடமோ. மனைவி சாவியைத் திருப்பினார்.

சத்தம் அடங்கியதும் ஆசிரியை ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "விலை பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க ஏன் ஓட்டக் கத்துக்கக் கூடாது? நானே சொல்லித் தர்றேன். வண்டி உங்ககிட்டயே இருக்குமே."

"எனக்குப் பக்கத்து சீட்டுதாங்க பழக்கம்."

"எனக்கும் அதாங்க பழக்கம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேரம் நடக்கவில்லை. கொழுந்தன் பேரத்துக்கென்று தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் வீணாகிவிட்டன. வண்டி ஷெட்டிலிருந்து தன் சக்கரத்தில், தன் சத்தத்தோடு, தெருமுனை வேகத்தடையைக் கோணலாக ஏறிப் போயிற்று. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தாமல் நின்று பார்த்தார்.

ஷெட்டுக்கு வேன் வந்தது. அவள் மருத்துவக் கலைக்களஞ்சியத்தின் மீதியை, மண்ணீரலிலிருந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திருத்தினாள். மெக்கானிக் வந்து குழாயைச் சரி செய்து தருகிறேன் என்றான். அவருடைய சட்டைப் பையில் வாஷர் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாள். இன்னும் எடுத்துத் தரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அச்சகத்தில் மெய்ப்புக் கட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு முன்னால் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தாள். கழுவித் துடைத்து, இறக்கையோடு, செட்டாக இருந்தது. ஆசிரியையும் கணவரும் பையோடு வெளியே வந்தார்கள். அவர் முதலில் இடுப்பை அனுப்பி, பிறகு காலை இழுத்துக்கொண்டார். ஆசிரியை உட்கார்ந்து சாவியை நுழைத்தார். கூப்பிடலாமா என்று அவள் கையைப் பாதி தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

அந்த ஒயரை அவர்கள் எப்போதோ எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வண்டி கிளம்பவில்லை. ஆசிரியை காத்திருந்தார். பக்கத்து இருக்கையில் வெயில் தடுப்பு இறங்கியது. இரண்டு குட்டி விளக்குகள் எரிந்தன.